பெயர் கொடுப்பவர் யார், பணம் போடுபவர் யார்?

(நமது சங்கத்தின் காலாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தண்ணீர் வரி, லிஃப்ட் பராமரிப்பு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. மீதியுள்ள நேரத்தில் பொதுவாக ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். நம் குடியிருப்பில் இரண்டு குடும்பங்கள் விடுமுறைக்கு துபாய் போய்வந்து, அங்கே உள்ள ரியல் மாட்ரிட் கால்பந்து தீம் பார்க் படங்களை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். அதன் கீழே ஒரு தம்பி, "நம்ம அய்யலூர் பக்கம் இப்படி ஒண்ணு வந்தா எப்படி இருக்கும்! நாலுவழிச் சாலை இருக்கு, இடம் இருக்கு" என்று எழுதியிருந்தார். நாற்பது பேர் கட்டை விரல் தூக்கியிருந்தார்கள். இன்று அதைப் பற்றியே பேசுகிறேன்.

யாரும் இன்னும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு நம் ஊருக்கு வரவில்லை. அதனால்தான் இப்போதே பேச வேண்டும். வந்த பிறகு பேசினால் காதில் ஏறாது.

நான் வங்கியில் கிளார்க்காக இருந்தவன். கடன் கொடுக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. ஆனால் கடன் ஃபைல்களை அடுக்கி, நம்பர் போட்டு, லெட்ஜர் எழுதியவன் நான். எங்கள் மேனேஜர் ஒருவர் சொல்வார்: "கலர் படம் அதிகமாக இருக்கிற ஃபைலை இரண்டு தடவை படி. கணக்கு எங்கேயாவது ஒளிந்திருக்கும்." அந்தக் கண்ணோடுதான் இந்தக் கால்பந்து பார்க் கதையையும் படித்தேன்.

கதை துபாயில் ஆரம்பிக்கவில்லை. பக்கத்து அமீரகமான ராஸ் அல் கைமாவில் ஆரம்பிக்கிறது. 2012 மார்ச்சில் ரியல் மாட்ரிட் கிளப் தன் பெர்னபேயூ மைதானத்தில் பெரிய விழா எடுத்து ஓர் அறிவிப்பு செய்தது. ராஸ் அல் கைமாவின் மர்ஜான் தீவில் ஒரு உல்லாச நகரம். நூறு ஏக்கருக்கு மேல் இடம். ஹோட்டல்கள், பங்களாக்கள், கேளிக்கைப் பூங்கா, கிளப்பின் அருங்காட்சியகம், ஒரு பக்கம் கடலைப் பார்த்துத் திறந்திருக்கும் பத்தாயிரம் பேர் அமரும் மைதானம். செலவு 100 கோடி டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 5,000 கோடி ரூபாய். 2015-இல் திறப்பு, முதல் வருடமே பத்து லட்சம் பேர் வருவார்கள் என்றார்கள். படங்கள் எல்லாம் கண்ணைப் பறித்தன.

அடுத்த வருடமே, 2013-இல், திட்டம் கைவிடப்பட்டதாகச் செய்தி வந்துவிட்டது. அந்த மைதானம் கட்டப்படவே இல்லை.

இதில் ரியல் மாட்ரிட் கிளப்புக்கு என்ன நஷ்டம்? சொல்லும்படியாக ஒன்றுமில்லை. இத்தகைய ஒப்பந்தங்களில் கிளப் கொடுப்பது பெயரையும் முத்திரையையும்தான். நிலமும் முதலீடும் மற்றவர்களுடையது. நம் திண்டுக்கல் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். "திண்டுக்கல் பிரியாணி" என்று போர்டு போட்ட கடைகள் சென்னையிலும் உண்டு, கடல் கடந்தும் உண்டு. பிரபலமான பெயரை உரிமம் பெற்று கடை வைப்பவர் பெயர்க்காரருக்குப் பணம் கட்டுகிறார். கடை வாடகை, மாஸ்டர் சம்பளம், கறி விலை எல்லாம் இவர் தலையில். கடை ஓடினால் இருவருக்கும் வருமானம். ஓடாவிட்டால் போர்டைக் கழற்றிக்கொண்டு ஒருவர் போய்விடுவார், அடுப்போடும் கடனோடும் இன்னொருவர் நிற்பார். கால்பந்து தீம் பார்க்கும் அதே வியாபாரம்தான், அளவு பெரிது.

கிளப்பை நான் குறை சொல்லவில்லை. ரியல் மாட்ரிட் 1902-இல் தொடங்கியது. இன்றும் அது எந்த முதலாளிக்கும் சொந்தமில்லை, உறுப்பினர்களுக்குச் சொந்தம். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு வகையில் நம்மைப் போல அதுவும் ஒரு சங்கம்தான். தன் உறுப்பினர்களின் பணத்தை வெளிநாட்டு மணலில் கொட்டாமல் பெயரை மட்டும் கொடுத்தது அந்தச் சங்கத்துக்குப் புத்திசாலித்தனம். எதிரே கையெழுத்துப் போடுகிறவருக்கும் அதே புத்தி இருக்க வேண்டும் என்பதுதான் நான் சொல்லவருவது.

இப்போது துபாய்க்கு வருவோம். துபாய் பார்க்ஸ் அண்ட் ரிசார்ட்ஸ் என்ற பெரிய வளாகம் 2016 கடைசியில் திறக்கப்பட்டது. லெகோலாண்ட், மோஷன்கேட், நம் ஹிந்தி சினிமாவை வைத்து பாலிவுட் பார்க்ஸ், எல்லாம் அடுத்தடுத்து இருந்தன. இதை நடத்திய கம்பெனி 2014 டிசம்பரில் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது. ஒரு பங்கு ஒரு திர்ஹாம். 2017-இல் 67 லட்சம் வருகைகளை எதிர்பார்த்தார்கள், வந்தது சுமார் 23 லட்சம். அங்கே வருவதாக இருந்த சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற பார்க் 2019-இல் கைவிடப்பட்டது. அப்புறம் கொரோனா. 2020 கடைசியில் பெரிய பங்குதாரர் நிறுவனம் மற்றவர்களின் பங்குகளை வாங்க முன்வந்தது. கொடுத்த விலை பங்குக்கு 8 ஃபில்ஸ். நூறு ஃபில்ஸ் ஒரு திர்ஹாம். அதாவது நூறு ரூபாய் போட்டவருக்கு எட்டு ரூபாய்.

கவனியுங்கள், துபாயில் சுற்றுலாப் பயணிக்குப் பஞ்சமில்லை. விமானம், சாலை, ஹோட்டல் எல்லாம் உண்டு. அங்கேயே கணக்கு இப்படிப் புரண்டது.

பாலிவுட் பார்க்ஸ் 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. ரியல் மாட்ரிட் வேர்ல்டு 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. நம் பிள்ளைகள் படமெடுத்து அனுப்பிய அந்த மர ரோலர் கோஸ்டருக்கு இப்போது "ஹலா மாட்ரிட்" என்று பெயர். அது முதலில் பாலிவுட் பார்க்குக்காகக் கட்டப்பட்டது, அன்று அதன் பெயர் "பாம்பே எக்ஸ்பிரஸ்". 140 மீட்டர் உயரத்தில் சுற்றும் அந்தச் சங்கிலி ராட்டினமும் அப்படித்தான். 140 மீட்டர் என்றால் நம் திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையின் உயரத்தில் ஏறக்குறைய பாதி. அதுவும் முன்பு பாலிவுட் பெயரில் சுற்றியது, இப்போது கால்பந்துப் பெயரில் சுற்றுகிறது. மரமும் இரும்பும் மாறவில்லை, பெயிண்டும் போர்டும்தான் மாறின. பெயர் எவ்வளவு லேசானது, கட்டடமும் கடனும் எவ்வளவு கனமானது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

வெளிநாட்டுக் கிளப்புகள் நம் நாட்டுக்கும் வந்திருக்கின்றன. 2014-இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது ஸ்பெயினின் அத்லெட்டிகோ மாட்ரிட் கொல்கத்தா அணியில் பங்கு எடுத்தது. அணிக்கே "அத்லெட்டிகோ டி கொல்கத்தா" என்று பெயர். 2017-இல் அந்த உறவு முடிந்தது. அவர்கள் போனார்கள், கொல்கத்தாக்காரர்கள் தங்கள் கால்பந்தோடு இருக்கிறார்கள். வருவதும் போவதும் அவர்கள் வசதி. இருக்கப்போவது நாம்.

நம் மாநிலத்தில் கால்பந்துக் கிளப் தீம் பார்க் எதுவும் இல்லை. ஆனால் விளையாட்டுக் கிளப்பும் பொது நிலமும் சம்பந்தப்பட்ட பெரிய பாடம் ஒன்று சென்னை கிண்டியில் இருக்கிறது. குதிரைப் பந்தயம் நடத்தும் மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 1940-களில் சுமார் 160 ஏக்கர் அரசு நிலம் 99 வருடக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டது. வருட வாடகை சுமார் 614 ரூபாய். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு! ஏக்கருக்கு நான்கு ரூபாய்கூட வரவில்லை. 1970 முதல் வாடகையை உயர்த்த வேண்டும் என்று அரசும், முடியாது என்று கிளப்பும் பல வருடம் நீதிமன்றத்தில் நின்றன. 2023-இல் உயர் நீதிமன்றம் கட்டச் சொன்ன பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தைக் கையில் எடுத்தது, அங்கே பசுமைப் பூங்கா என்று அறிவித்தது. அதன் மீதும் வழக்கு தொடர்ந்தது. எந்தப் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. 99 வருடப் பத்திரத்தில், வாடகையை எப்போது, எப்படி உயர்த்துவது என்பதில் இரண்டு தரப்புக்கும் தெளிவு இருந்திருந்தால் இரண்டு தலைமுறை கோர்ட் வாசலில் நின்றிருக்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொரு பாடம் திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா. சுமார் 64 ஏக்கர், 611 கோடி ரூபாய் முதலீடு. இது பெயரை மட்டும் கொடுக்கும் கம்பெனி இல்லை. கொச்சியிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் புவனேஸ்வரத்திலும் பார்க் நடத்தி அனுபவப்பட்டவர்கள், முதலும் போட்டவர்கள். அவர்களே உள்ளாட்சிக் கேளிக்கை வரியிலிருந்து விலக்கு வேண்டும் என்று கேட்டார்கள். அந்த விஷயத்திலேயே திட்டம் பல வருடம் தள்ளிப்போனது. கம்பெனி அப்படிக் கேட்பது அதன் கணக்குக்குச் சரி. ஆனால் அந்த வரி யாருடைய வருமானம்? ஊராட்சியின் வருமானம், தெருவிளக்கும் சாக்கடையும் அதிலிருந்துதான். விலக்கு கொடுப்பதானால் பதிலுக்கு ஊருக்கு என்ன கிடைக்கிறது என்று எழுத்தில் வாங்கிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அய்யலூரில் ஒன்றும் இல்லை, காலி இடம்தான் கிடக்கிறது என்று நம் பிள்ளைகள் நினைக்கக்கூடாது. வியாழக்கிழமை விடியற்காலை சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஆடும் கோழியும் வாங்க எங்கெங்கிருந்தோ வேன் வந்து நிற்கும். தீபாவளி, பொங்கல் சமயத்தில் கால் வைக்க இடமிருக்காது. தக்காளி மார்க்கெட் இருக்கிறது. வண்டி கருப்பணசாமி கோயிலில் நின்று கும்பிடாமல் போகும் லாரி டிரைவர் குறைவு. இவை எல்லாம் விளம்பரம் இல்லாமல், வரி விலக்கு கேட்காமல் நடக்கிற வியாபாரம்.

அதற்கு மேல் நம் மலைக்காடுகள். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரை கடவூர் தேவாங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அறிவிக்கப்பட்ட முதல் சரணாலயம் இது. தேவாங்கு ராத்திரியில் நடமாடும் பிராணி, பூச்சி தின்று வாழ்வது, மரத்துக்கு மரம் கிளை வழியாகவே போவது. தீம் பார்க் என்றால் ராத்திரி லைட்டும் லேசர் ஷோவும் ஒலிபெருக்கியும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒத்துப்போகாது. அப்புறம் தண்ணீர். வேடசந்தூர் வட்டாரத்தில் போர் போட்டவர்கள் இங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்? எத்தனை அடி போனது, தண்ணீர் வந்ததா, புகை வந்ததா என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் நாமே டேங்கர் லாரிக்குக் காத்திருக்கும்போது அலைக் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பது வளர்ச்சிக்கு எதிரான கேள்வி அல்ல.

இதையெல்லாம் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. நம் சங்கத்தில் பாதிப் பேர் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். கையில் கிராஜுவிட்டி, பி.எஃப். பணம் இருக்கும். பெரிய திட்டம் எதுவும் வருவதற்கு முன்னால் முதலில் வருவது வதந்தி. வதந்திக்குப் பின்னாலேயே மனை விற்பவர் வருவார். என்னோடு வேலை பார்த்த ஒருவர், வேறு ஊரில், "பெரிய பார்க் வருது, இன்னைக்கு விட்டா நாளைக்கு ரெட்டிப்பு" என்ற பேச்சை நம்பி ஓய்வூதியப் பணத்தில் இரண்டு மனை வாங்கினார். பார்க் வரவில்லை. மனைக்குச் சரியான பாதைகூட இல்லை. மகள் கல்யாணத்துக்கு விற்கப் போனபோது வாங்கிய விலைக்குக்கூடக் கேட்பாரில்லை. மனுஷன் பட்ட பாட்டை நான் கூட இருந்து பார்த்தேன். தீம் பார்க் திட்டம் தோற்றால் பெரிய கம்பெனிகள் கணக்கில் எழுதித் தள்ளிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கும். நம்மைப் போன்றவர்களுக்கு அது வாழ்நாள் சேமிப்பு.

ஆகவே பிரபலமான பெயரோடு எந்தத் திட்டம் வந்தாலும், கால்பந்துக் கிளப்பாக இருந்தாலும் சினிமா நட்சத்திரமாக இருந்தாலும், ஐந்து கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: பெயர் யாருடையது, பணம் யாருடையது? பெயருக்குச் சொந்தக்காரர் தன் கைப்பணம் எவ்வளவு போடுகிறார்? வங்கியில் இதை மார்ஜின் என்போம். தன் பணம் போடாதவருக்குப் பெரிய கடன் கொடுக்க வங்கி யோசிக்கும்.

இரண்டாவது: நிலம் விற்பனையா, குத்தகையா? குத்தகை என்றால் எத்தனை வருடம், எத்தனை வருடத்துக்கு ஒரு முறை வாடகை உயரும்? கிண்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: தண்ணீர் எங்கிருந்து, கழிவு எங்கே? "ஏற்பாடு செய்யப்படும்" என்ற பதிலை ஏற்காதீர்கள். எந்த ஆதாரம், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள்.

நான்காவது: எவ்வளவு பேர் வருவார்கள் என்ற கணக்கை யார் போட்டது? அதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தால் திட்டம் நிற்குமா? துபாயில் ஏறக்குறைய அதுதான் நடந்தது.

ஐந்தாவது: பாதியில் நின்றால் என்ன ஆகும்? நிலம் யாரிடம் திரும்பும், தோண்டிய பள்ளத்தை யார் மூடுவார்கள், அதற்கு முன்பணம் யாரிடம் கட்டப்பட்டிருக்கிறது?

இந்த ஐந்துக்கும் எழுத்தில் பதில் இருந்தால் மாலை போட்டு வரவேற்போம், நானே முதல் டிக்கெட் வாங்குகிறேன். பதில் இல்லாவிட்டால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் படம்தான்.

தனியாக மனை வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டி.டி.சி.பி. அங்கீகாரம், ரெரா பதிவு எண், வில்லங்கச் சான்று, பட்டா, பாதை, இவற்றைப் பாருங்கள். பக்கத்தில் என்ன வரப்போகிறது என்று விற்பவர் சொல்வதை விலையில் சேர்க்காதீர்கள். பொதுத் திட்டம் பற்றிச் சந்தேகம் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் மனு போட்டுக் கேட்கலாம். பத்து ரூபாய் மனு பத்து லட்சத்தைக் காப்பாற்றும்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு. தாத்தா எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறார் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன? பந்து உதைக்க ஓர் இடம். இப்போது பார்க்கிங்கில் ஆடுகிறீர்கள், கார் கண்ணாடி உடைந்தால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஆளுக்கு ஐந்து பேர் ஆடும் கால்பந்துக்கு 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் போதும். கணக்குப் போட்டால் 20 சென்ட். பெரிய மனைப்பிரிவுகளில் சாலைகள் போக மீதி நிலத்தில் 10 சதவீதம் பொதுவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. அப்படி ஒதுக்கி உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்த இடங்கள் பல ஊர்களில் முள் முளைத்துக் கிடக்கின்றன, சில இடங்களில் வேலி நகர்ந்து நகர்ந்து மெலிந்து போகின்றன.

நம் குடியிருப்பைச் சுற்றியுள்ள மனைப்பிரிவுகளில் அப்படி ஒதுக்கிய இடம் எங்கே, அளவு என்ன, இப்போது யார் கையில் இருக்கிறது என்று பேரூராட்சி அலுவலகத்தில் வரைபடத்தோடு கேட்போம். சங்கத்தின் பெயரில் ஒரு மனு போதும். இடம் கிடைத்தால் முள்ளை வெட்டி, சமன் செய்து, இரண்டு பக்கமும் கோல் கம்பம் நட ஆகும் செலவை நாமே பகிர்ந்துகொள்ளலாம். அந்த மைதானத்துக்கு மாட்ரிட் பெயர் வேண்டாம், ஊர்ப் பெயரே போதும். அதன் வரவு செலவை நம் பொருளாளர் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார். சந்தேகமிருந்தால் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

இந்த மனுவை அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் சேர்க்கும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன். வரைபடம் படித்து, பரப்பளவு கணக்கிட்டுத் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். அளக்கும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்க முன் வரிசைக்காரர்களில் நாலு பேர் வேண்டும். பெயரை என்னிடம் கொடுத்துவிட்டு டீ சாப்பிடப் போங்கள்.